தோப்பு மோட்டாருக்கு எந்த மொபைல் ஸ்டார்டர்?

செண்பகத்தோப்புப் பக்கமோ ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமோ தென்னையும் மாவும் வைத்திருப்பவர்களுக்கு, இரவில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் போடப் போவது லேசான காரியமில்லை. யானையும் பன்றியும் இறங்கும் மலையடிவாரம் அது. அதனால்தான் வீட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டும் மொபைல் ஸ்டார்டரைத் தேடுகிறோம். கடையில் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெட்டி நம் உத்தரவை அழைப்பாக வாங்குகிறதா, எஸ்எம்எஸ்ஸாக வாங்குகிறதா என்பதை அதற்கும் முன்பே கேட்க வேண்டும்.

உள்ளே இருப்பது சிம் போட்ட ஒரு மோடம். அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் தன் மோடத்துக்கு வகுத்த கட்டளை முறைதான் இன்றும் அதற்கு அடிப்படை. ஏடிடி என்று சொல்லி எண்ணைக் கொடுத்தால் டயல் செய்யும், ஏடிஏ என்றால் அழைப்பை எடுக்கும், ஏடிஎச் என்றால் துண்டிக்கும்.

மிஸ்டு கால் வகை, கூப்பிடும் எண்ணைப் பார்த்து ஏடிஎச் கொடுத்துவிட்டு மோட்டாரைப் போடும். காசு செலவில்லை. ஆனால் பல பெட்டிகளில் போடவும் நிறுத்தவும் ஒரே மிஸ்டு கால்தான். இடையில் கரண்ட் போய் வந்திருந்தால், நாம் போட்டோமா நிறுத்தினோமா என்றே தெரியாது. மோட்டார் ஓடியதும் பெட்டியே திரும்ப அழைத்துச் சொல்லுமானால் மட்டும் வாங்கலாம்.

எஸ்எம்எஸ்ஸை நம்பி மோட்டாரைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மழைக்காற்றில் டவர் படுத்துவிட்டால், மாலையில் அனுப்பிய உத்தரவு நள்ளிரவில் போய்ச் சேரலாம். மறுநாள் காலை யாராவது கிணற்றுக்குள் வேலை பார்க்கும்போதும் சேரலாம். அழைப்பு அப்படி இல்லை, கிடைத்தால் அந்த நொடியே கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. மோட்டார் நின்றது, ஒரு பேஸ் போனது என்று நமக்குத் தகவல் சொல்ல எஸ்எம்எஸ் போதும்.

அழைப்பை எடுத்து, 1 அழுத்தினால் ஓட்டி, 2 அழுத்தினால் நிறுத்தி, நிலவரத்தைக் குரலில் சொல்லும் வகைதான் நல்லது. அதிலும் ஒன்று பாருங்கள். ஏடிஎஸ்0=1 என்று அமைத்த மோடம், யார் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடும். எண்ணைச் சரிபார்த்த பிறகே ஏடிஏ கொடுக்கும் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

2ஜி மோடம் விலை குறைவு, ஆனால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி என்றால் டேட்டா மட்டுமா, வோல்ட்டி அழைப்பும் உண்டா என்று விசாரியுங்கள். டவரை வீட்டில் பார்த்துப் பயனில்லை, கிணற்றடியில் பார்க்க வேண்டும். சிக்னல் அளவைக் கேட்கும் சிஎஸ்க்யூ கட்டளைக்கு மோடம் 0 முதல் 31 வரை ஓர் எண் சொல்லும். 10-க்குக் கீழே இருந்தால் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே உயரத்தில் கட்டுங்கள். 99 என்று வந்தால் சிக்னலை அளக்க முடியவில்லை என்று பொருள்.

எந்த வகையை வாங்கினாலும், கிணற்றில் இறங்கும் முன் மெயினை அணைத்து, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.