மூச்சு கனத்தால் ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள்

கேள்வி: நான் மட்டக்களப்பில் உல்லாசப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிச்செல்லும் சுழியோடி. கனகாலமாக ஒரே ரெகுலேட்டரைத்தான் பாவிக்கிறேன். அண்மையில் சாதாரணக் காற்றோடு ஹெர்மீஸ் கப்பலுக்கு இறங்கினேன். மேலே சுகமாக இருந்த மூச்சு, அடியில் இழுக்க இழுக்க வராத மாதிரிக் கனத்துப்போனது. கடைக்காரர் ஒருவர், "உங்கட சாமான் பழசு, டெக்னிக்கல் டைவிங்குக்கு உயர்ரகம்தான் வேணும்" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: பணத்தை எடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது சுமார் 53 மீட்டரில். அங்கே அழுத்தம் 6.3 பார். கரையில் லிட்டருக்கு 1.3 கிராம் இருக்கும் காற்று அங்கே 8 கிராம் ஆகிவிடும். கேவின் ஆந்தனியும் சைமன் மிட்செலும் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு டெக்னிக்கல் டைவர்கள் இரண்டு எண்களை மனத்தில் வைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருந்தால் நல்லது. 6.2-ஐத் தாண்டவே கூடாது. காற்றைச் சுவாசித்தால் இந்த இரண்டாவது எல்லை 38 மீட்டர் வாக்கிலேயே வந்துவிடும். நீங்கள் அதற்கும் 15 மீட்டர் கீழே நின்றிருக்கிறீர்கள்.

ஆகவே உங்கள் பழைய ரெகுலேட்டர் மீது பழி போடும் முன் உள்ளே போன வாயுவைப் பாருங்கள். அடர்ந்த வாயு நுரையீரலின் கிளைக்குழாய்களிலேயே ஓடச் சிரமப்படுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் உங்கள் நெஞ்சுக்குள் இறங்கி வேலை செய்யாது. வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தங்க, இளைப்பும் பதற்றமும் வரும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால் அது இன்னும் கூடும். ஆழத்தில் நடந்த பல விபத்துகளின் தொடக்கம் இந்தச் சுழற்சிதான். அதே கப்பலுக்கு 18 சதவீத ஆக்சிஜனும் 45 சதவீத ஹீலியமும் கலந்த ட்ரைமிக்ஸோடு போனால் அடர்த்தி 5 கிராம் அளவில் நின்றுவிடும். ஹீலியம் மலிவான சரக்கில்லை, தெரியும். ஆனாலும் முதல் செலவு பயிற்சிக்கும் அதற்கும்தான். ரெகுலேட்டர் அதற்குப் பிறகு.

சரி, அந்தப் பிறகுக்கு வருவோம். ஐரோப்பாவின் ஈஎன் 250 தரச் சோதனை 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு என்ற கடும் உழைப்பில் நடக்கிறது. பெயர் பெற்ற எந்த நிறுவனத்தின் நடுத்தர விலை ரெகுலேட்டரும் இதைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகிறது. எனவே "மூச்சு எளிதாக வருமா" என்று கடையில் உறிஞ்சிப் பார்த்து முடிவெடுப்பதில் பொருளில்லை. ஒரு பார் அழுத்தத்தில் எல்லாமே எளிதாகத்தான் வரும்.

நான் பார்ப்பவை வேறு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பேலன்ஸ்டு வகையாக இருக்க வேண்டும். சிலிண்டர் 200 பாரில் இருந்து 50 பாருக்கு இறங்கினாலும் அது செகண்ட் ஸ்டேஜுக்குத் தரும் அழுத்தம் மாறாது. சிலிண்டரில் மாட்டும் இடம் டின் திருகாக இருக்கட்டும். நீங்கள் இப்போது பாவிக்கும் கவ்வி மாதிரியான யோக்கில் ஓ-ரிங் வால்வின் முகப்பில் உட்கார்ந்திருக்கும். கப்பலின் இரும்பில் ஒரு இடி பட்டால் கவ்வி நகர்ந்து ஓ-ரிங் பிதுங்கிவிடலாம். டின்னில் ஓ-ரிங் திருகோடு வால்வுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். உடைந்த கப்பலுக்குள் தலை நுழைப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிஸ்டனா டயாஃப்ரமா என்ற சண்டை ஓயவே ஓயாது. பிஸ்டனில் அசையும் உறுப்புகள் குறைவு, காற்று தாராளமாக வரும். ஆனால் பெரும்பாலான பிஸ்டன் வகைகளில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேரடியாகப் புகுந்து வெளியேறும். டயாஃப்ரம் வகையில் முற்றிலும் மூடி முத்திரையிட்டவை கிடைக்கின்றன. உப்பும் மணலும் உள்ளே எட்டாது. குளிர்நீரில் உறைந்துபோகாமல் இருக்கத்தான் இந்த மூடி என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். கிழக்குக் கரையின் வெதுவெதுப்பான நீரில் உறையும் பேச்சே இல்லை. ஆனாலும் கலங்கிய நீரில், தினமும் இறங்கும் ஆளுக்கு, அந்த மூடி வேறு வழியில் உதவும். என் ஓட்டு டயாஃப்ரமுக்கு.

பிராண்டு கேட்டிருக்கிறீர்கள். ஏபெக்ஸ், ஸ்கூபாப்ரோ, பொசைடன் மூன்றையும் உலகமெங்கும் ஆழக்குகைகளில் கொண்டுபோகிறார்கள்; மூன்றுமே போதும். என்னிடம் கேட்டால், உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பயிற்சி பெற்ற மெக்கானிக் எதைத் திறந்து மூடப் பழகியிருக்கிறார், எதற்கு அவரிடம் சர்வீஸ் கிட் இருப்பில் இருக்கிறது என்று விசாரித்து அதையே வாங்குங்கள். ஒரு சின்ன சீட்டுக்காகக் கடல் கடந்து பார்சல் வரக் காத்திருக்கும் உயர்ரக ரெகுலேட்டரைவிட, உள்ளூரில் அரை நாளில் சரியாகும் சாதாரணமானது நம்பகமானது. இரட்டைச் சிலிண்டருக்கு இரண்டு, டிகம்ப்ரஷன் சிலிண்டர்களுக்கு இரண்டு என்று நாலு தேவைப்படும். நாலும் ஒரே மாடலாக இருந்தால் ஒரே கிட், ஒரே கருவி, ஒரே பழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய செகண்ட் ஸ்டேஜ்களில் பெரும்பாலானவை பழுதானால் மூடிக்கொள்ளாது, திறந்துகொள்ளும். காற்று நின்றுபோவதைவிடக் காற்று கொட்டித் தீர்வதுதான் வழக்கமான விபத்து. ஆழத்தில் ஒரு ஃப்ரீ ஃப்ளோ ஒரு சிலிண்டரைச் சில நிமிடங்களில் காலியாக்கிவிடும். அதனால்தான் இரட்டைச் சிலிண்டரில் இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், நடுவில் தனிமைப்படுத்தும் வால்வு, தோளுக்குப் பின்னால் கையை விட்டு மூடும் பயிற்சி எல்லாம். கை எட்டாதவருக்கு எந்த ரெகுலேட்டரும் நம்பகமானதில்லை. வலப்பக்க வால்வில் ஏழடி நீள ஹோஸும் இறக்கைக்குக் காற்று நிரப்பும் குழாயும். இடப்பக்கத்தில் கழுத்தில் தொங்கும் மாற்று செகண்ட் ஸ்டேஜும் பிரஷர் கேஜும். கூரையில் உரசினால் இடப்பக்க வால்வு மூடும் திசையில் உருளும், வலப்பக்கத்தது திறக்கும் திசையில் உருளும். அதனால்தான் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் வலப்பக்கத்தில். நீள ஹோஸ் பழக்கம் ஃபுளோரிடா குகைகளிலிருந்து வந்தது. குறுகிய வழியில் முன்னும் பின்னுமாக நீந்தும்போது தோழருக்குக் காற்று கொடுக்க அந்த நீளம் வேண்டும்.

கேள்வி: முறைப்படி வருடாந்தர சர்வீஸ் செய்து வாங்கிய ரெகுலேட்டர், அடுத்த டைவிலேயே குமிழி கக்க ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் செய்யாமலே இருந்திருக்கலாமோ? — புதுச்சேரி வாசகர்

பதில்: அப்படி நினைப்பவர் நீங்கள் மட்டுமில்லை. அதில் அரை உண்மை இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டியபின் வரும் முதல் சில டைவ்கள்தான் ஆபத்து கூடியவை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் சிலிண்டரின் 200 பாரை அடைத்து நிறுத்துவது ஒரு கூர்மையான உலோக விளிம்பும் அதில் அழுந்தும் ஒரு பிளாஸ்டிக் சீட்டும்தான். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல, புது சீட்டில் அந்த விளிம்பின் தடம் பதியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை இடை அழுத்தம் லேசாக நகரும். செகண்ட் ஸ்டேஜை மிக நுணுக்கமாக முறுக்கி வைத்திருந்தால் அந்தச் சிறு ஏற்றத்துக்கே அது கசியும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். பிசிடி ஊதும் ஹோஸில் மாட்டும் இடை அழுத்தக் கேஜ் ஒன்று வாங்குங்கள். டெக்னிக்கல் டைவர் பையில் முகக்கண்ணாடிக்கு அடுத்து இருக்க வேண்டிய சாமான் அதுதான் என்பேன். செகண்ட் ஸ்டேஜ் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் எகிறினால் வெளியேற அதுதான் வழி. அது இல்லாமல் சோதிக்கவே கூடாது. சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் முள் 9 முதல் 10 பாருக்குள் நிற்கும். உங்கள் மாடலுக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும். பர்ஜ் பொத்தானை நாலைந்து முறை அழுத்துங்கள். முள் சற்று இறங்கிச் சட்டென்று ஏறி, ஒரே இடத்தில் சிலைபோல நிற்க வேண்டும். முதல் சில வினாடிகளில் மயிரிழை ஏறி நின்றால் பரவாயில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். நிற்காமல் ஊர்ந்து ஏறிக்கொண்டே போனால் உயர் அழுத்த சீட்டு அடைக்கவில்லை. கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முள் அசையாமல் நிற்க, செகண்ட் ஸ்டேஜ் மட்டும் கசிந்தால் அது அங்கே செய்யும் சின்னச் சரிசெய்தல். எழுதி வைத்த பழைய எண்கள் கையில் இருந்தால் மெக்கானிக்கோடு பேசுவதும் எளிது.

சர்வீஸ் ஆன ரெகுலேட்டரை முதலில் ஆழம் குறைந்த இடத்தில் இரண்டு முறை பயன்படுத்துங்கள். நெடும்பயணத்துக்கு முந்தின வாரம் சர்வீஸுக்குக் கொடுப்பதைவிட அசட்டுத்தனம் வேறில்லை. எத்தனை மாதம், எத்தனை டைவ் என்ற இடைவெளியை நிறுவனத்தின் கையேடு சொல்லும். அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சர்வீஸுக்கு இடையில் ஒருமுறைகூட கேஜ் மாட்டிப் பார்க்காதவருக்கு அந்தத் தேதி வெறும் தேதிதான்.

கேள்வி: டிகம்ப்ரஷன் ஆக்சிஜன் சிலிண்டருக்கு இலேசான டைட்டானியம் ரெகுலேட்டர் வாங்கலாமா? — சிங்கப்பூர் வாசகி

பதில்: வேண்டாம். டைட்டானியம் சுத்த ஆக்சிஜனில் பற்றி எரியக்கூடிய உலோகம். செறிந்த ஆக்சிஜனுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள். வழக்கமாக 40 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். குரோம் பூசிய பித்தளையே இங்கே ராஜா. ஆறு மீட்டரில் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கு மலிவான, பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் ரெகுலேட்டரே தாராளம். ஆனால் அது ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்யப்பட்டதாக, அதற்கேற்ற ஓ-ரிங்கும் மசகும் போட்டதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சிலிகான் கிரீஸ் உள்ளே போகவே கூடாது. வால்வை எப்போதும் மெல்லத் திறங்கள். திடீரென்று திறந்தால் உள்ளே அமுக்கப்படும் வாயு சூடேறி, எண்ணெய்ப் பிசுக்கு ஏதாவது இருந்தால் அது பற்றிக்கொள்ளும்.

ஆக்சிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் பழுதாவதைவிடப் பெரிய பயம், தவறான ஆழத்தில் தவறான ரெகுலேட்டரை வாயில் வைப்பது. வலிப்பு வந்துவிடும், நீருக்கடியில் அதற்கு மறுவாய்ப்பு அபூர்வம். சிலிண்டரின் மேல் அதிகபட்ச ஆழத்தைக் கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். இறங்கும் முன் ஹோஸில் அழுத்தம் ஏற்றிவிட்டு வால்வை மூடி வையுங்கள், கடல்நீர் உள்ளே புகாது. மாற்றும்போது எழுத்தைப் படித்து, வால்வைத் திறந்து, ஹோஸை விரலால் வாய்வரை தொடர்ந்து, தோழர் பார்த்துத் தலையசைத்த பிறகே மாற்றுங்கள்.

கேள்வி: டைவ் முடிந்ததும் வாளியில் போட்டு பர்ஜ் பொத்தானை அழுத்தி அழுத்திக் கழுவுகிறேன். சரிதானே? — சென்னை வாசகர்

பதில்: அழுத்தவே கூடாது. காற்றழுத்தம் இல்லாதபோது பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து, வாளித் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்வரை போய்விடும். தூசிமூடியைத் துடைத்து இறுக்கி மாட்டி, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். முடிந்தால் சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தோடு கழுவுவது இன்னும் நல்லது.

அப்படியே ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயிலில் இருக்கும் சிறிய உலோக வடிகட்டியை டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் சரி. பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் யாரோ ஒருவருடைய இரும்புச் சிலிண்டருக்குள் துரு. கறுப்பாக இருந்தால் காற்று நிரப்பிய கம்ப்ரஸரைச் சந்தேகியுங்கள். அங்கே இனி நிரப்பாதீர்கள்.

கேள்வி: ரப்பர் ஹோஸ்களை எடுத்துவிட்டு, வளையும் பின்னல் ஹோஸ்களுக்கு மாறினேன். நண்பர் பயமுறுத்துகிறார். — தூத்துக்குடி வாசகர்

பதில்: நண்பர் காரணத்தோடுதான் சொல்கிறார். பின்னல் ஹோஸ்கள் சிலவற்றின் உட்குழாய்ப் பொருள், வெப்பமும் ஈரமும் பட்டு நாளடைவில் சிதைந்து, உள்ளே மஞ்சள் நிறப் படிகங்களாகப் படிந்து காற்றின் வழியை அடைத்த நிகழ்வுகளை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் பதிவு செய்திருக்கிறது. வழக்கமான ரெகுலேட்டர் பழுது காற்றைக் கொட்டும் என்று மேலே சொன்னேன். இது காற்றை நிறுத்தும் அரிதான பழுது, அதனால்தான் கவலை. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு இந்த வகை ஒத்துவராது.

நான் நீள ஹோஸுக்கு ரப்பரையே சொல்வேன். கனம் கூடுதல்தான், ஆனால் விரிசலை மேலேயே காட்டிக்கொடுக்கும், இரு முனைகளிலும் இருக்கும் உறையை நகர்த்திப் பார்த்தால் போதும். பின்னல் ஹோஸையே வைத்திருப்பதானால் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் அதிலேயே எழுதி ஒட்டி, ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மாற்றும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கத்து ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், அது சில ரூபாய்தான்.