எக்ஸ்ரே சுத்தமா இருந்தா நெஞ்சும் சுத்தமா?



“எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு ஈப்போவுக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க? ஒருநாள் சம்பளம் போகுமே!” நம் வீடுகளில் எழும் இந்தக் கேள்விக்கு இம்முறை பதில் சொல்கிறோம்.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப்பைகள் உண்டு. இழுக்கும் மூச்சு அங்கேதான் இரத்தத்தோடு சேர்கிறது. கிருமி புகுந்து அந்தப் பைகளில் நீரும் சளியும் கோத்துக்கொண்டால் அது நிமோனியா. இன்ஃபுளுவென்சா, கோவிட் போன்ற வைரஸ்களாலும் இது வரும்.

நல்ல உடம்பு கிருமியோடு சண்டை போடும். காய்ச்சலும் சளியும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கோ சண்டையே பலமாக நடக்காது. காய்ச்சல் லேசாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாகத் தெரியலாம். ஆனால் உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும்.

யாருக்கு இந்த ஆபத்து?

சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவர்கள், இரத்தம் சுத்திகரிப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். இன்னொன்றும் உண்டு. மூட்டுவலிக்கு என்று விற்கும் ஜாமு, மாஜுன் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிடுகிறவருக்கே அது தெரியாது!

ஸ்கேன் என்ன காட்டும்?

எக்ஸ்ரே என்பது ரோட்டில் நின்று தோட்டத்தைப் பார்ப்பது போல. முன் மரமும் பின் மரமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சி.டி. ஸ்கேன் நிரை நிரையாக உள்ளே நடந்து பார்ப்பது போல. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு இதை எடுத்தார்கள். உருவாக்கிய இன்ஜினியர் ஹவுன்ஸ்பீல்டு 1979இல் நோபல் பரிசு பெற்றார்.

விடிகாலையில் பால் வெட்டப் போனவர்களுக்குப் பனிமூட்டம் தெரியும். மரங்கள் மங்கலாக, ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். வைரஸ் நிமோனியா ஸ்கேனில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: சாம்பல் மூட்டம், அதனூடே இரத்தக் குழாய்கள். மூட்டம் கெட்டியாகிக் குழாய்களே மறைந்துபோனால், அங்கே காற்றுப்பைகள் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

கோவிட் காலத்தில் நம் நாட்டில் நோயாளிகளை ஐந்து படியாகப் பிரித்தார்கள். நிமோனியா இருந்தும் ஆக்சிஜன் தேவைப்படாதவர் 3ஆம் படி. தேவைப்பட்டவர் 4ஆம் படி. ஆகவே, நடந்து பேசிக்கொண்டிருப்பவருக்கும் நிமோனியா இருக்கலாம்.

ஆனால் ஸ்கேன் எங்கே, எவ்வளவு என்றுதான் சொல்லும். எந்தக் கிருமி என்று அடித்துச் சொல்லாது. சிறுநீரகம் மாற்றியவருக்கு ஒரு வைரஸும் ஒரு பூஞ்சைக் கிருமியும் ஒரே மாதிரி மூட்டத்தைக் காட்டக்கூடும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால்தான் மூக்கில் குச்சி விடுகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், சிலருக்கு நுரையீரலைக் கழுவிய நீரையும் சோதிக்கிறார்கள். “எத்தனை டெஸ்டுதான் எடுப்பாங்க” என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன் வலிக்காது. சில நிமிடம் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்கினால் போதும். கதிர் எக்ஸ்ரேயைவிடக் கூடுதல். ஆகவே எல்லாருக்கும் எடுக்கமாட்டார்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1. சாப்பிடும் மருந்தெல்லாம், ஜாமு உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து.

2. மேலே சொன்னவர்களுக்குக் காய்ச்சல், வறட்டு இருமல், படியேறினால் இளைப்பு வந்தால் அன்றைக்கே போகவேண்டும். “நாளைக்குப் பார்ப்போம்” வேண்டாம்.

3. சம்பளத்துக்குப் பயந்து இருந்துவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு சிக் லீவு உண்டு: வேலையில் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டு நிறையாதவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. டாக்டரிடம் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

ஒருநாள் சம்பளம் திரும்ப வரும். மூச்சு நின்றால் திரும்ப வராது!