வீடு விற்ற பணத்துக்கு ஒரு மேல்முறையீடு



தம்பி, நீ அனுப்பிய மேல்முறையீட்டு வரைவைப் படித்தேன். 12 பக்கத்தில் 9 பக்கம் கட்சிக்காரரின் முன்னாள் கணவருடைய குணத்தைப் பற்றியே இருக்கிறது. அவற்றை எடுத்துவிடு. விவாகரத்தை இப்போது யாரும் எதிர்க்கவில்லை. அந்த அம்மா உன் அறையில் அழுதது நியாயமான அழுகைதான். ஆனால் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கேட்கப்போவது, வீடு விற்ற பணத்தைக் குடும்பநல நீதிமன்றம் பிரித்த கணக்கு சரியா என்பதை மட்டும்தான்.

முதலில் கெடு. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம், 19-ஆம் பிரிவு, 30 நாள். இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் இருக்கிறதே என்று நூலகத்தில் யாராவது சொல்வார்கள். சொத்துத் தகராறில் அதை நம்பி உட்காராதே. சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடு. நகல் தயாராக ஆகும் நாளைக் கழித்துக்கொள்ளலாம். மனுப் போடாமல் இருந்த நாளைக் கழிக்க முடியாது.

இனி கணக்கு. கணவன் மனைவி என்பதாலேயே ஆளுக்குப் பாதி என்ற பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கோவா விலக்கு. ஆனால் இந்த வீட்டை வாங்கிய கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. ஆகவே பாதி என்பதை எதிர்த்துப் பயனில்லை. எதில் பாதி என்பதுதான் கேள்வி. வீடு 80 லட்சத்துக்கு விற்றது. அதில் 24 லட்சம் ஹோம் லோன் பாக்கிக்காக நேரே வங்கிக்குப் போய்விட்டது. நம் கட்சிக்காரர் கைக்கு வந்தது 56 லட்சம். கீழ்க்கோர்ட் விற்பனை விலையையே இரண்டாக வகுத்து, அவர் 40 லட்சம் தரவேண்டும் என்கிறது. 28 தரவேண்டிய இடத்தில் 40. இந்த 12 லட்சம்தான் உன் வழக்கு. கடன் முடித்த வங்கிக் கடிதம் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கிறதா என்று இன்றிரவே கட்டைப் பிரித்துப் பார். இல்லையென்றால், கட்டளை 41, விதி 27-இன் கீழ் அனுமதி கேட்க வேண்டும். ஏன் அப்போதே தாக்கல் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதிலோடு போ.

மேல்முறையீடு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது. முன்னாள் கணவர் நிறைவேற்று மனுப் போட்டு நம் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கை முடக்கலாம். தடை மனுவையும் சேர்த்தே தாக்கல் செய். 28 லட்சத்தை நீதிமன்றத்தில் கட்டத் தயார் என்று நீயே முந்திச் சொல். மறுக்காத தொகையைப் பிடித்துவைத்திருக்கும் தரப்புக்குத் தடை கிடைப்பது கஷ்டம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது. தவணையெல்லாம் தன் சம்பளத்தில் கட்டியதாகச் சொல்லி, குறுக்கு எதிர்ப்பு மனுவில் முழுப்பணத்தையும் கேட்கலாம். அதற்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பைத் தயாராக வைத்துக்கொள். வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்திலும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார் அவர். அந்தத் தீர்ப்போடு நிற்காமல், நம் அம்மா வேலையை விட்டதும் வீட்டைக் கவனித்ததும் சாட்சியத்தில் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன என்று காட்டு.

ஒன்று பாக்கி. எதிர்த்தரப்பு வக்கீல் 32 லட்சத்துக்கு இறங்கிவரக்கூடும். உனக்கு வழக்கு நடத்த ஆசை இருக்கும், தெரியும். இருந்தாலும் அன்றைக்கே கட்சிக்காரரிடம் சொல்லிவிடு. ஜெயிக்க ஆகும் செலவையும் காலத்தையும் ஒரு தாளில் எழுதிக் காட்டு. அவர் சம்மதித்தால் தாமதிக்காமல் கூட்டு மெமோவில் இருவர் கையெழுத்தையும் வாங்கு.