நாவே சான்று
(ஞாயிறு வகுப்புக்குரிய பாடம்)



நம் இல்லங்களில் நாள்தோறும் இருமுறையேனும் அடுப்பில் ஏறுவது தேநீர். விருந்தினர்க்கு முதலில் நீட்டுவதும் அதுவே. துக்க வீட்டில் அயர்ந்திருப்போர்க்குக் கொடுப்பதும் அதுவே. ஆயினும், "நேற்றுப் பருகியதற்கும் இன்று பருகியதற்கும் வேறுபாடு யாது?" என்று வினவினால், நம்மிற் பலர் "நன்றாயிருந்தது", "நன்றாயில்லை" என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் விடை கூற இயலாது. பல்லாயிரம் முறை நாவிற் பட்ட பொருளையே நாம் அறிந்திலோமாயின், பிறர் சொல்லக் கேட்ட பொருள்களை அறிந்தோம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

தம்மபதத்தில் ஓர் உவமை வருகின்றது. அகப்பை வாழ்நாள் முழுதும் குழம்பிற் கிடந்தாலும் அதன் சுவையை அறியாது. நாவோ ஒரு துளியிலேயே அறிந்துகொள்ளும். அறிவுடையாரோடு பழகியும் அறியாதவனுக்கும், பழகி அறிந்துகொள்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதனாற் காட்டப்படுகின்றது. இவ்வுவமையைச் சொல்லளவில் நிறுத்தாமல், நம் வீட்டுத் தேநீரைக் கொண்டே செய்து பார்ப்பது இப்பாடத்தின் நோக்கம். இதற்கு வேண்டுவன நான்கு டம்ளர்களும், ஒரு வடிகட்டியும், சிறிது பொறுமையுமே.

1. செடி ஒன்றே

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, சீனர் விரும்பும் ஊலாங் தேயிலை எனப் பெயர்கள் பலவாயினும், இவை யாவும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. பறித்தவுடன் ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றினால் இலை கறுக்காது நின்று பச்சைத் தேயிலையாகும். வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்துப் பின் உலர்த்தினால் கறுப்புத் தேயிலையாகும். இவ்விரண்டிற்கும் இடையில், சிறிது கறுத்த அளவில் நிறுத்தினால் ஊலாங். அஸ்ஸாம் வகை, சீன வகை என இரு பெரும் பிரிவுகள் உண்டு. மண்ணும் மழையும் மலையின் உயரமும் சுவையை மாற்றும். டார்ஜிலிங் தேநீர் நிறத்தில் மெலிந்து மணத்தில் ஓங்கும். அஸ்ஸாம் தேநீர் செந்நிறமும் கனமும் உடையது. நீலகிரித் தேநீர் தெளிவும் நறுமணமும் உடையது. ஆயினும் பிறப்பால் இவை அயல் அல்ல. செய்கையே பெரிதும் வேறுபடுத்திற்று.

2. சல்லடை இட்ட பெயர்கள்

கடைகளில் "ஆரஞ்சு பீக்கோ" என்று ஒரு வகை உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றது. பெயரைக் கேட்டோர் ஆரஞ்சுப் பழத்தின் மணம் இருக்குமென எண்ணுவர். அங்ஙனம் யாதுமில்லை. அது இலையின் அளவையும் வடிவையும் குறிக்கும் தரப்பெயரே. உலர்த்திய தேயிலையைப் பல சல்லடைகளிற் சலிக்கின்றனர். மேலே தங்கும் பெரிய இலைக்கு ஒரு பெயர், முறிந்த இலைக்கு ஒரு பெயர், அதனினும் சிறியதற்கு ஒரு பெயர், எல்லாவற்றிற்கும் கீழே விழுவதற்கு "டஸ்ட்" என்று பெயர். டஸ்ட் என்றால் தூசு. அப்பெயரைக் கேட்டவுடன், தரையிற் கூட்டி அள்ளியதோ என்று நம்மவர் சிலர் அருவருப்பர். அஃது அறியாமை. மேலே தங்கிய இலையும் கீழே விழுந்த தூளும் ஒரே கொழுந்தின் பகுதிகளாக இருத்தல் கூடும்.

தூள் சிறிதாதலின் நீர் அதனுள் விரைந்து புகும். நிறமும் துவர்ப்பும் உடனே இறங்கும். பாலைத் தாங்கி நிற்கும். பெரிய இலை மெல்ல இறங்கும், மணம் மிகும், பால் சேர்த்தால் அம்மணம் மறையும். 1930-களில் அஸ்ஸாமில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் வந்தபின், உருண்டை மணி போன்ற தேயிலையே இந்தியாவில் பெரும்பான்மையாயிற்று. நம் வீடுகளிற் கொதிப்பது பெரும்பாலும் அதுவே. எனவே, எது உயர்ந்தது என்னும் வினாவிற்கு "எதன் பொருட்டு?" என்னும் எதிர்வினாவே முதல் விடை. ஆலையில் இரவு ஷிப்டு பார்த்த நாட்களில் எங்களுக்கு வேண்டியது கண்ணை விழிக்கச் செய்யும் கடுந்தேநீர். அங்கே தூளே தக்கது. ஓய்வாக அமர்ந்து மணம் நுகர்வார்க்கு இலையே தக்கது. சல்லடை அளவைச் சொல்லிற்று. மதிப்பைச் சொன்னது மனிதன் வாயே.

3. புனே நகரின் தேநீர்கள்

நாம் வாழும் இந்நகர் தேநீர்ச் சுவையை ஆராய்வதற்கு ஏற்ற இடம். 1924-இல் ரவிவார் பேட்டையில் தொடங்கிய "ஆத்ய அம்ருததுல்ய" போன்ற கடைகளை ராஜஸ்தானத்திலிருந்து குடியேறியோர் நடத்தினர். "அம்ருததுல்ய" என்பதற்கு அமுதுக்கு நிகரானது என்று பொருள். பித்தளைப் பாத்திரத்தில் பாலும் சர்க்கரையும் தூளும் ஒன்றாய்க் கொதிக்க, இஞ்சியும் ஏலக்காயும் இடித்துச் சேர்த்துத் துணியில் வடிப்பது அதன் முறை. இரானியர் நடத்திய விடுதிகளில், 1935-இல் தொடங்கிய குட்லக் போன்றவற்றில், வெண்ணெய் தடவிய பன்னோடு பாற்செறிவு மிக்க தேநீர் வழங்கும் வழக்கம் வளர்ந்தது. அண்மைக் காலத்தில், சுட்ட மண் குவளையில் ஊற்றிப் பொங்கச் செய்யும் தந்தூரித் தேநீரும் இந்நகரிற் பரவியது. அதில் மண்ணின் மணமும் புகையின் மணமும் சேரும்.

காய்கறிச் சந்தையில் "கவதி சஹா" என்று ஒரு புல்லைக் கட்டுக் கட்டாய் விற்கின்றனர். பெயரில் தேநீர் இருப்பினும் அது தேயிலையன்று. நாம் எலுமிச்சைப்புல் என்பதே அது. இஞ்சியுடன் அதைச் சேர்த்துக் கொதிக்க வைப்பது மராட்டிய இல்லங்களின் வழக்கம். நம் ஊர்ச் சுக்குக் காப்பியில் காப்பி இல்லாதது போலவே, பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாக நிற்பதற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

4. கையைக் கண்டு சுவையைக் காணாதவர்

இந்நகரின் வரலாற்றிலே தேநீர் ஒரு வழக்காக மாறியதுண்டு. 1890-ஆம் ஆண்டு பஞ்ச ஹௌத் மிஷனில் நடந்த ஒரு கூட்டத்திற்குத் திலகர், ரானடே முதலிய பெரியோர் பலர் சென்றிருந்தனர். முடிவில் பாதிரிமார் தேநீரும் பிஸ்கோத்தும் வழங்கினர். சிலர் பருகினர்; சிலர் மரியாதைக்காக வாங்கி அப்படியே வைத்துவிட்டனர். சென்றோர் பெயர்கள் செய்தித்தாளில் வெளியாகவே, வைதிகர் கொதித்தெழுந்தனர். சங்கராசாரியார் வரையிற் புகார் சென்று விசாரணை நடந்தது. ரானடே 1892-இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார்.

அன்பர்களே, நினைத்துப் பாருங்கள். அத்தேயிலை எம்மலையில் விளைந்தது, துவர்ப்பு மிகுந்ததா குறைந்ததா என்று ஒருவரும் கேட்டிலர். கொடுத்த கை எவருடையது என்பதொன்றே கேட்கப்பட்டது. கற்றோரையே இங்ஙனம் வருத்திய அவ்வழக்கம் நம் முன்னோரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் நம்மவர்க்கென்று தனிக் குவளை வைத்ததை நாம் அறிவோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. எனினும் அக்கொடுமை வேரோடு அழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. இரண்டு குவளையிலும் ஊற்றியது ஒரே கெட்டில் தேநீர்தான். நாவிற்குத் தெரியாத வேறுபாட்டை மனத்தில் உண்டாக்குவதே சாதி.

இதனோடு மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 1867-இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் விரிந்த மலைத்தோட்டங்களிற் கொழுந்து பறித்தோர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழை மக்களே. நம் உறவினர் அவருள் பலர். உலகிற்கு மணத்தைக் கொடுத்த அக்கைகளை எந்தச் சல்லடையும் தரம் பிரித்து உயர்த்தியதில்லை.

5. ஒப்பிடும் முறை

தேயிலை வாணிகத்தில் சுவைத்துத் தரம் காண்பதையே தொழிலாகக் கொண்டோர் உளர். 1980-இல் வகுக்கப்பட்ட உலகப் பொது முறையின்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் மூடி வைத்தல். எல்லாவற்றிற்கும் ஒரே அளவு, ஒரே நீர், ஒரே நேரம். இதுவே நேர்மையான ஒப்பீட்டின் அடிப்படை. வீட்டில் டம்ளருக்கு ஒரு சிறு கரண்டி, தலைதட்டி, போதும்.

முதற் சோதனை: சில்லறையாய் வாங்கிய தூள் ஒன்றும், விளம்பரப் பெயருடைய பொட்டலத் தூள் இரண்டும் எடுத்துக்கொள்க. டம்ளர்களின் அடியில் அடையாளமிட்டு, வீட்டிலுள்ள ஒருவர் மட்டும் அதை அறிந்திருக்க, ஏனையோர் பெயரறியாது சுவைக்க. பாலும் சர்க்கரையும் வேண்டா. சர்க்கரை குறைகளை மறைக்கும். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடக்கும். ஒவ்வொன்றிற்கும் இடையே வெந்நீரால் வாய் கொப்பளிக்க. துவர்ப்பு, கசப்பு, கனம், மணம், விழுங்கிய பின் நிற்கும் சுவை என ஐந்தையும் தாளிற் குறித்தபின்பே பெயரைக் கேட்க.

இரண்டாவது: ஒரே தூளில் நான்கு வகை செய்க. ஒன்று வெறும் தேநீர். ஏனையவை இஞ்சி, ஏலக்காய், எலுமிச்சைப்புல். இஞ்சியை முதலிலேயே நீரிற் கொதிக்க விடுதல் நன்று. பச்சையாய்ப் பாலில் இட்டால் பால் திரிதலும் உண்டு. ஏலக்காயின் மணம் ஆவியோடு ஓடுவதாதலின் இறக்கும் தறுவாயில் தட்டிப் போடுக.

மூன்றாவது: ஏலக்காய்த் தேநீரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் பருகுக. துவர்ப்பு மட்டுமே தோன்றும், ஏலக்காய் தோன்றாது. கையை எடுத்தவுடன் ஏலக்காய் வந்து நிற்கும். நாம் நாவின் சுவை என்று எண்ணியதிற் பெரும்பகுதி மூக்கின் வேலையே என்பது இதனாற் புலப்படும். தொழிற் சுவைஞர் ஓசையெழ உறிஞ்சுவதும் ஆவி மூக்கிற்கு ஏறும் பொருட்டே.

6. உள்ளத்தில் நிகழ்வது

மணிமேகலை பன்னிரு சார்புகளைக் கூறுமிடத்து ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நிரல்படுத்துகின்றது. நாவில் தேநீர் படுவது ஊறு. இனிது, இன்னாது என உணர்வது நுகர்வு. "இதுவே வேண்டும்" என்பது வேட்கை. "இஃதின்றி இரேன்" என்பது பற்று. நாள்தோறும் இந்நான்கும் ஒரு நொடியில் ஓடிவிடுவதால் நாம் அவற்றைப் பிரித்தறிவதில்லை. பெயர் மறைத்துச் சுவைக்கும்போது ஓட்டம் தடைப்படுகின்றது. "இது மிக நன்று" என்று குறித்த தேநீர் மலிவான தூளென்று பின்னர் அறியும்போது, நம் விருப்பத்தில் எவ்வளவு நாவினது, எவ்வளவு விளம்பரத்தினது என்பது விளங்கும்.

நம் பெருமை பேசும் கதைக்கும் இவ்வளவையே பொருந்தும். காஞ்சியிலிருந்து சீனம் சென்றவராகச் சொல்லப்படும் போதிதருமர், தியானத்தில் உறங்கியதற்காகக் கண்ணிமைகளை அறுத்தெறிய, அவை தேயிலைச் செடியாய் முளைத்தன என்பர். கேட்க இனியது; எனினும் அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டு முன்னரே சீனர் தேநீர் அறிந்திருந்தனர். பிக்குகள் விழிப்பிற்காகத் தேநீர் பருகியதும், ஜப்பானியப் பிக்கு எய்சாய் 1211-இல் தேநீரின் நலன் குறித்து நூல் இயற்றியதும் வரலாறு. வரலாற்றை வரலாறாகவும் கதையைக் கதையாகவும் கொள்க.

7. இல்லத்திற் கடைப்பிடிக்கத்தக்கவை

தேயிலைத் தூளை ஈர வடிதாளில் தூவி, நீர் தெளித்துச் சிறிது நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க. தாளில் சாயக்கறை நின்றால் கலப்படமென அறிக. உணவோடு தேநீர் பருகினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும்; ஆதலின் இரத்தச் சோகையுள்ள பெண்கள் உணவிற்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுக. விருந்தினர் முன் மலிவான தூளென்று நாணற்க. பதமாய்க் காய்ச்சிய தூள் பதம் கெட்ட இலையினும் சிறந்தது. வாயிலுக்கு வரும் துப்புரவுத் தொழிலாளர்க்கும், விருந்தினர்க்கும், வீட்டார்க்கும் ஒரே டம்ளரில் கொடுக்க. நமக்குச் செய்யப்பட்டதை நாம் எவருக்கும் செய்யோம் என்பதற்கு அந்த டம்ளரே அடையாளம்.

வினாக்கள்

1. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வேறுபடுவது எதனால்?
2. டஸ்ட் என்னும் பெயர் எதைக் குறிக்கின்றது? எதைக் குறிக்கவில்லை?
3. 1890-ஆம் ஆண்டின் வழக்கில் ஆராயப்பட்டது யாது? ஆராயப்படாதது யாது?
4. பெயர் மறைத்துச் சுவைத்தபோது உங்கள் குறிப்பும் முன்னைய எண்ணமும் ஒத்தனவா? அடுத்த வகுப்பில் தாளோடு வந்து கூறுக.

அனைவரும் நலமுறுக!