தராசு சொல்லாத கணக்கு

நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்திக்கு உட்காரும்போது இரண்டு பேச்சுகள் காதில் விழாமல் இருப்பதில்லை. உடம்பு பருத்த ராத்தா ஒருவர், "பச்சைத் தண்ணி குடிச்சாலும் எனக்கு உடம்பு ஏறுது" என்பார். பக்கத்து மேசையில் மெலிந்த மாமா ஒருவர், "நமக்கெல்லாம் சர்க்கரை எங்கே வரப் போகுது?" என்று இன்னொரு கரண்டி இனிப்பை வாங்கிக்கொள்வார். இந்த இரண்டு பேச்சுமே சரியில்லை. இரண்டாவது பேச்சு ஆபத்தானதும் கூட. ஏன் என்று இந்த இதழில் பார்ப்போம்.

உண்ட உணவை உடல் சக்தியாக மாற்றிச் செலவிடுவதை வளர்சிதை மாற்றம் என்கிறோம். நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலோருக்கு ஒரு நாளில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் இந்த ஓய்வுச் செலவுதான்.

பருமனான உடலில் இந்தச் செலவு குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். 1990-இல் வெளியாகி இன்றும் உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரத்தால் இதைச் சோதிப்போம். 40 வயது, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஓய்வுச் செலவு நாளுக்குச் சுமார் 1,108 கலோரி. 75 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 1,358 கலோரி. ஆளுக்கு ஆள் சற்று மாறலாம் என்றாலும், பெரிய உடலுக்குச் செலவு அதிகம் என்பதே பொது விதி.

ஆனால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், முதலாமவருக்கு 22 கலோரி, இரண்டாமவருக்கு 18 கலோரிதான். கூடுதல் எடையில் பெரும்பங்கு கொழுப்பு என்பதே இதற்கு முக்கியக் காரணம். ஒரு கிலோ கொழுப்பு நாளுக்கு ஏறத்தாழ நாலரை கலோரிதான் செலவிடும். ஒரு கிலோ தசை 13 கலோரி செலவிடும். மூளையும் கல்லீரலும் கிலோவுக்கு 200 கலோரியோ அதற்கு மேலோ, இதயமும் சிறுநீரகமும் 400-க்கு மேல். ஆகவே எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை எதனால் ஆனது என்றும் கேட்க வேண்டும்.

இனி மெலிந்த மாமாவுக்கு வருவோம். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யூட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டவர் பலரின் உடல்வாகு இதுதான்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பகுதியை வாங்கிக்கொள்வது தசை. தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் ஒல்லியானவருக்கும் சர்க்கரை நோய் வருகிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. எடையோடு இடுப்பையும் அளப்போம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

2. பட்டினி கிடந்து எடை குறைக்க வேண்டாம். கொழுப்போடு தசையும் கரையும். உடல் சிறுத்தால் செலவும் குறையும். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் எடை திரும்பிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது.

3. தசையைக் காப்போம். நடையோடு, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல், படியேறுதல் போன்றவற்றைச் செய்யலாம். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், சுண்டல் சேர்க்கலாம். வீட்டிலுள்ள வயதானவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

4. வயதின் மேல் பழி போட வேண்டாம். உடலில் கொழுப்பு நீங்கலான எடையைக் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை சக்திச் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை என்று 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

5. காரணமின்றி எடை ஏறி, சோர்வும் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வோம்.

கடைசியாக ஒன்று. பந்தியில் ராத்தாவின் தட்டைப் பார்த்துக் கேலி பேசுவதை நாம் விட்டுவிட வேண்டும். கேலியால் யாருக்கும் உடம்பு இளைத்ததில்லை. மாமாவை ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். பருத்ததோ மெலிந்ததோ, உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து பேணுவோம்.