பாட்டுப் பெட்டி பழுதானால் சரக்கைக் கொட்டலாமா?

கடை நடத்தும் நமக்கெல்லாம் தெரிந்த விஷயம் ஒன்றுண்டு. கிட்டங்கியில் இருப்பது சரக்கு. எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று காட்டுவது பேரேடு. இரண்டையும் பார்த்து வேலை செய்பவர் கணக்கப்பிள்ளை. அவர் நோயில் படுத்துவிட்டால் வேறொருவரை அமர்த்துவோமேயன்றி, சரக்கை வீதியில் கொட்டிப் பேரேட்டைக் கொளுத்த மாட்டோம். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் நம்மில் பலர் அதையே செய்துவிடுகிறோம்.

நமது கடைக் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் உண்டு. 2003-ல் விண்டோஸுக்கு வந்த இந்த மென்பொருளை மேக் கம்ப்யூட்டர்களில் 2019-ல் நிறுத்திவிட்டார்கள்; விண்டோஸில் இன்றும் இயங்குகிறது. காலஞ்சென்ற அத்தா அவர்களின் ஒலிநாடாக்களிலிருந்து நாகூர் ஹனிபா பாடல்களையும், அத்தாவே பேசிப் பதிந்த சில பேச்சுகளையும் அதில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைத்திருந்தோம். நாடாக்கள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. ஒருநாள் புது வெளியீட்டை ஏற்றும்போது பாதியில் மின்சாரம் நின்றது. அதன்பின் ஐடியூன்ஸ் திறக்கவே இல்லை.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள், முதலாளி" என்றார் ஒரு தம்பி. நல்ல வேளையாக, "எல்லாம் என்றால் எவை?" என்று கேட்டோம். அன்று கற்ற பாடத்தை இங்கே தருகிறோம்.

முதலாவதாக, இடம் அறிய வேண்டும். 'மியூசிக்' ஃபோல்டருக்குள் 'ஐடியூன்ஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் 'ஐடியூன்ஸ் மீடியா' ஃபோல்டர்தான் சரக்கு. 'ஐடியூன்ஸ் லைப்ரரி' என்று பெயர் கொண்டு, ஐடிஎல் என்று முடியும் ஃபைல்தான் பேரேடு. பாட்டின் பெயர், நாம் கட்டிய வரிசை, பாட்டு இருக்கும் இடம் ஆகியவை பேரேட்டில் உண்டு. பாட்டு அதில் இல்லை. மென்பொருளோ வெறும் கணக்கப்பிள்ளை.

இரண்டாவதாக, அந்த ஐடியூன்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். வேறு ஃபோல்டரில் பாட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுக்க வேண்டும். பிரதியிலிருந்து இரண்டொரு பாட்டைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

மூன்றாவதாக, மென்பொருளை மட்டும் நீக்க வேண்டும். ஆப்பிள் தளத்திலிருந்து இறக்கியதாயின் ஐடியூன்ஸ், ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், ஆப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், போன்ஜூர், ஆப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்னும் வரிசையில் நீக்குக. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்ததாயின் ஐடியூன்ஸ் ஒன்றை நீக்கினால் போதும். இதனால் பாட்டுகள் அழிவதில்லை. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மீண்டும் ஏற்றுக.

திறந்ததும் பழைய பேரேடு தானே வந்துவிடும். வெறுமையாகத் தோன்றினால் பதற வேண்டாம். பாட்டுகளை மறுபடி சேர்க்கவும் வேண்டாம். மூடிவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். நமது பேரேட்டைக் காட்டுக. பேரேடே கெட்டிருந்தால், 'ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்' ஃபோல்டரில் தேதியிட்ட பழைய பிரதிகள் இருக்கக்கூடும். கடைசித் தேதியுள்ளதை வெளியே பிரதியெடுத்துப் பழைய பெயரையே இட்டால் வேலை செய்யும். அத்தேதிக்குப் பின் பேரேட்டில் செய்த மாற்றங்கள் மட்டும் இராது.

பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி தோன்றினால், பேரேடு சொல்லும் அடுக்கில் சரக்கு இல்லை என்று பொருள். பாட்டைப் பழைய இடத்திலேயே வைத்தால் சரியாகிவிடும்.

நமக்கு ஒரு மாலைப் பொழுதில் எல்லாம் திரும்பக் கிடைத்தன. அத்தாவின் குரலை மறுபடி கேட்டபோது கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றோம்.

இனி நாம் செய்ய வேண்டியது யாதெனில், பழுது வரும்வரை காத்திராமல், சிதறிக் கிடக்கும் பாட்டுகளை 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' என்னும் கட்டளையால் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வந்து, மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, அந்த டிஸ்கைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைப்பதேயாகும். கடைக்கணக்குக்கும் இதே முறை பொருந்தும் என்பதைச் சகோதரர்கள் மறவாதிருப்பார்களாக.