வீட்டு வேலையும் கடை முதலும்: ஏற்காட்டு வணிகருக்கு ஒரு திட்டப் பாடம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டைப் பிரித்து மறுபடி சீர் செய்து பார்த்தவர்களுக்கு, புதிதாகக் கட்டுவதே எளிது என்று தோன்றும். அதிலும் முன்புறம் கடை, பின்புறம் குடியிருப்பு என்று வாழ்கிற நம்மைப் போன்ற மளிகை வியாபாரிகளுக்கு வீட்டு வேலை என்பது வீட்டோடு நிற்பதில்லை. ஓட்டைப் பிரித்த அன்றே கடைச் சரக்கும் தெருவுக்கு வருகிறது. மேஸ்திரிக்குக் கொடுக்கும் பணம் பல நேரங்களில் கல்லாவிலிருந்தே போகிறது. எனவே முழு வீட்டையும் புதுப்பிக்க நினைக்கும் உறுப்பினர்களுக்காக, ஏற்காடு, சேர்வராயன் மலைப் பகுதியை உதாரணமாக வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். கீழே சேலத்திலும் மற்ற ஊர்களிலும் உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் பணக் கணக்கு

கடையில் 3 லட்சம் ரூபாய் முதல் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்கு மாதம் ஒருமுறை விற்றுத் திரும்புகிறது. நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கிறது. இதிலிருந்து 1 லட்சத்தை உருவி வீட்டில் போட்டால் மாதம் 5,000 ரூபாய் லாபம் நின்றுபோகும். ஆண்டுக்கு 60,000. அதே 1 லட்சத்தை வங்கியில் 12 வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டு வட்டி 12,000 மட்டுமே. கடை முதல் "வட்டியில்லாப் பணம்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதோடு, இல்லாத சரக்கைக் கேட்டுத் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிட்டால் அந்த இழப்புக்குக் கணக்கே இல்லை.

ஆறு மாதமாக அசையாமல் கிடக்கும் சரக்கை விற்று வீட்டுக்குச் செலவிடுவதில் தவறில்லை. ஓடுகிற சரக்கின் பணத்தைத் தொடக்கூடாது. செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் மண்டிக்காரர்கள் நம்மை நம்பித் தரும் கடன் சரக்குக்காகத் தருவது. அந்தப் பணத்தை ஓட்டுக்கும் சிமெண்டுக்கும் திருப்பினால் நாணயம் கெடும். வீட்டு வேலைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பீட்டில் நூற்றுக்கு 15-ஐ எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய சுவரைத் தட்டிப் பார்க்கும்வரை அதன் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

2. மலையின் நாள்காட்டி

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்த நாள் முதல், இங்குள்ள வியாபாரம் காப்பியையும் மழையையும் சுற்றியே நடக்கிறது. வீட்டு வேலையும் அப்படித்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை கூரையைத் திறப்பது ஆபத்து. நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு நடப்பதால் கூலியாள் கிடைப்பது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம். மே மாதக் கோடை விழாவின்போது கடையைப் பூட்டி வைப்பவர் ஆண்டின் நல்ல வரவை இழக்கிறார்.

எனவே கூரை வேலைக்கு மிஞ்சுவது பொங்கல் கழிந்த பின் மார்ச் முடிய உள்ள பத்து வாரங்கள்தான். இதைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும்:

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: மழையில் எங்கெங்கு ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுதல், பொறியாளரைக் காட்டி வரைபடம் போடுதல், அனுமதிக்கு விண்ணப்பித்தல்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: விலைப்புள்ளி வாங்குதல், மரம் வாங்கி உலர வைத்தல், ஓட்டுக்கு முன்பணம் கொடுத்தல்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை: கூரை, சுவர், வடிகால்.

ஏப்ரல் முதல் பாதி: கடைப் பகுதியின் மின்சாரம், தரை, அலமாரி.

சீசன் முடிந்த பின்: வீட்டின் உட்புற வேலைகள்.

சரக்கு மேலே வரும் பாதையையும் மறக்கக்கூடாது. சேலத்திலிருந்து வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதைப் போக்குவரத்தே தடைப்பட்டது. மணல், ஜல்லி, செங்கல் எல்லாவற்றுக்கும் "கீழே என்ன விலை" என்று கேளாமல், "வீட்டு வாசலில் இறக்கி என்ன விலை" என்றே கேளுங்கள். லாரி வராத சந்து என்றால் தலைச்சுமைக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. அனுமதி

மலைப்பகுதிகளில் கட்டட வளர்ச்சியைக் கட்டுப்படுத்த 1990-ஆம் ஆண்டு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள் வந்தன. ஓடு மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் வேறு. அறை சேர்ப்பது, மாடி எடுப்பது, மண்ணை வெட்டிச் சரிவைச் சமன் செய்வது வேறு. பின்னவை எதுவாயினும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இடையூறாக ஒரு மரம் நின்றால் கோடரியை எடுக்குமுன் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955 முதலே தனிச் சட்டம் உண்டு. பாதி வேலையில் நிறுத்தச் சொல்லி ஆணை வந்தால், திறந்த கூரையோடு மழைக்காலம் வந்துவிடும்.

4. எந்த வேலை முதலில்?

பலர் கண்ணுக்குத் தெரியும் தரையிலும் வர்ணத்திலும் தொடங்குகிறார்கள். மலை வீட்டின் பகை தண்ணீர். எனவே தண்ணீர் வரும் வழியிலேயே வேலையின் வரிசையும் செல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டுச் சரிவு இருந்தால் அங்கிருந்து இறங்கும் நீரைச் சுவரைத் தொடுமுன் பிடித்து ஓரமாக விடும் வடிகால் முதல் வேலை. தடுப்புச் சுவர் கட்டினால் அதில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடச் சொல்லுங்கள். துளையில்லாத சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளிவிடும்.

இரண்டாவது கூரை. மூன்றாவது சுவரின் வெடிப்பும் பூச்சும். நான்காவது குழாயும் மின்கம்பியும். ஐந்தாவது தரை. கடைசியில் கதவு, வர்ணம். இந்த வரிசை மாறினால், பதித்த தரையை உடைத்துக் குழாய் போடுவதும், அடித்த வர்ணத்தின் மேல் ஓதம் பூப்பதும் நடக்கும்.

5. ஓட்டைக் கழற்றிக் கான்கிரீட் போடலாமா?

இங்குள்ள பழைய வீடுகளில் கல்லை மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ வைத்துக் கட்டி, மேலே மங்களூர் ஓடு போட்டவை பல. அவற்றில் ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்பதே எல்லோருடைய ஆசை. மூட்டைக் கணக்கில் பார்ப்போம். 10 அடிக்கு 10 அடி அறையின் மேல், மரத்தோடு சேர்த்து ஓட்டுக் கூரையின் எடை ஏறத்தாழ 600 கிலோ. 50 கிலோ அரிசி மூட்டையில் 12. அதே அறைக்கு 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஏறத்தாழ 2,900 கிலோ; அதாவது 58 மூட்டை. 12 மூட்டை தாங்கப் பழகிய சுவர் 58-ஐத் தாங்குமா என்பதை மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் விடக்கூடாது. கடைக்காலைத் தோண்டிப் பார்த்துப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். தாங்காது என்றால் தூண் எழுப்பித்தான் தளம் போட முடியும்; செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

ஓட்டையே திரும்பப் போடுவதானால், கைமரத்தையும் ரீப்பரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கரையான் அரித்ததை மட்டும் மாற்றினால் போதும். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். பழைய ஓட்டில் நல்லதைப் பொறுக்கி எடுத்தது போக, உடைசலுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்து வாங்குங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. கெட்டியான சிமெண்டுப் பூச்சு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பூச்சையே உரித்துக்கொண்டு வெளிவரும். அருகில் அடுக்கிய வெல்லமும் உப்பும் கசியும்.

6. சிமெண்டும் சரக்கே

சர்க்கரை மூட்டையைத் தரையில் வைக்காத நாம் சிமெண்டை மட்டும் வைத்துவிடுகிறோம். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மலைப்பனியில் அதற்கு முன்பே கட்டி தட்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நலம்.

7. ஒப்பந்தமும் வரியும்

மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்குங்கள். மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்தால்தான் விலையை ஒப்பிட முடியும். கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதை முத்திரைத்தாளில் எழுதுங்கள். முன்பணம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். மீதியை அளந்து முடித்த வேலைக்குத் தவணையாகக் கொடுங்கள். கடைசிப் பத்தை, புதுக் கூரை முதல் பெருமழையைப் பார்த்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

பில் இல்லாமல் பொருள் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; பழைய மதிப்பீட்டை வைத்திருப்போர் திருத்திக்கொள்ளலாம். கடைப் பகுதியில் செய்த பழுதுபார்ப்பை அந்த ஆண்டுச் செலவாக எழுதினால், அதற்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கேட்க இடமுண்டு. கட்டட மதிப்பில் மூலதனமாக ஏற்றிய தொகைக்குக் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் கிடையாது. ஆகவே கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி பில் கேட்டு வாங்குங்கள். கடைச் செலவில் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு தள்ளுபடியாகாது. வங்கி மூலம் கொடுங்கள்.

நினைவில் வைக்க

கடை முதலைத் தொடாதிருப்பது, பொங்கலுக்கும் பங்குனிக்கும் இடையில் கூரையை மூடுவது, தண்ணீரை முதலில் கவனிப்பது: இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பணம் ஒரே ஆண்டுக்குப் போதவில்லை என்றால் இந்த ஆண்டு வடிகாலும் கூரையும், அடுத்த ஆண்டு தரையும் வர்ணமும் என்று பிரித்துக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை. தரை ஓராண்டு காத்திருக்கும்; கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒரு வாரம்கூடக் காத்திருக்க மாட்டார்.